கொழுந்தன் வயிற்றில் வைத்த கல்

மெரன், வடகோடி ஜெசீனாவின் மூன்றாவது மகள். ஜெசீனாவின் தாய்மாமன் திமிங்கில வேட்டைக்குப் போய் ஒற்றைக் காதோடு திரும்பினவர். குறும்பு அந்த வழியில் வந்தது என்பார்கள். ஐந்து வயதில் பாதிரியார் தொப்பிக்குள் ஈரப் பாசியைச் சுருட்டி வைத்தவள், ஐம்பத்தெட்டிலும் திருந்தவில்லை. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு மணல் நிலம், ஒரு பசு, ஒரு கொழுந்தன்.

ஆர்க்னித் தீவின் கரையில், புயல் ஒதுக்கிய, நிலத்துக்கு உரமாகும் கடற்பாசிக் குவியலின் மேல் யார் முதலில் கல் வைக்கிறாரோ அவருக்கே அது சொந்தம். வைத்த கைதான் கல்லை எடுக்கலாம். இதில் கொழுந்தன் கில்பர்ட்டைப் போலக் கறாரான ஆள் யாருமில்லை. கால் இடறி ஒரு கல்லை உருட்டிவிட்ட சொந்த மச்சானோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தவன் அவன்.

அந்த மார்ச்சில் மூன்று நாள் புயல் அடித்து ஓய்ந்தது. மெரனுக்கு இரண்டு குவியலாவது வேண்டும். போன வருஷம் பாசி போடாமல் நட்ட உருளைக்கிழங்கு கோலிக்குண்டாக வந்தது. குளிர்காலம் முழுக்க அவளும் பசுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். விடிந்ததும் மடியில் கல்லோடு ஓடினாள். ஏழு குவியல்; ஏழின் மேலும் கில்பர்ட்டின் கல்.

"என்ன கொழுந்தனாரே, கடலுக்கே கல்லு வெச்சிட்டியா?"

"அலைக்கு வைக்க முடியல அண்ணி. நிக்க மாட்டேங்குது."

"உங்கிட்ட இருக்கிறது ஒரே குதிரை, அதுவும் நொண்டி. பாதி அழுகித்தான் போகும்."

"அழுகினாலும் என் பாசிதானே."

இருட்டிலேயே எழுந்து கல் சுமந்தவன் இல்லையா, கடைசிக் குவியலில் மெத்தைபோலச் சாய்ந்து, ரொட்டியைத் தின்று, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். மெரன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த கல்லை அலுங்காமல் அவன் வயிற்றின் மேல் வைத்தாள்.

கில்பர்ட் கண் விழித்தபோது பாசி அள்ள வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். கல்லைத் தள்ளக் கை போனது, பாதியில் நின்றது.

"இது யாரு கல்லு?"

"என்னுது" என்றாள் மெரன்.

"விளையாடாத அண்ணி. எடு."

"இங்க கல்லில்லாம ஒதுங்கிக் கிடந்தது நீ ஒண்ணுதான். வெச்சிட்டேன்."

"மனுஷன் மேல கல்லு வைக்கிற வழக்கம் எங்கயாவது உண்டா?"

"கூடாதுன்னும் யாரும் சொன்னதில்லயே" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "தொட்டுத்தான் பாரேன் கில்பர்ட். உன் மச்சானையும் கூப்பிடறோம், பாக்கட்டும்."

அவன் அசையவில்லை. மெரன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீளச் சிறகுப்பாசியை உருவினாள். இலையைக் கிழித்துப் போட்டுவிட்டு நடு நரம்பைக் கடித்தாள். அடியில் சிறகு சிறகாக இருந்ததைப் பிய்த்து அவன் வாயருகே நீட்டினாள். பச்சை வேர்க்கடலை போல ருசிக்கும் அது.

"தின்னு. என் பொருளைப் பட்டினி போட மாட்டேன்."

அலை ஏறிக்கொண்டிருந்தது.

"சரி, ஒரு குவியல் எடுத்துக்க."

மெரன் மென்றாள். அலை பூட்ஸைத் தொட்டது.

"ரெண்டு."

"ரெண்டுன்னு அலை வர்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"மூணு. எடுத்துத் தொலை அண்ணி."

"வண்டியும் உன்னுதுதானே?"

"என் வண்டிதான், என் குதிரைதான், என் முதுகுதான். எடு."

மெரன் கல்லை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று குவியலும் அவள் நிலத்தில் கிடந்தன. பரப்பியதும் அவனே.

இலையுதிர் காலத்தில் கிழங்கு கை முஷ்டி அளவு வந்தது. முதல் கூடையைக் கொழுந்தன் வாசலுக்கே அனுப்பினாள். உச்சியில் அதே கல். மூன்று நாள் கில்பர்ட் அந்தக் கூடையைத் தாண்டித் தாண்டியே வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான். நாலாம் நாள்தான் மெரனுக்கு அந்தப் பக்கம் வர நேரம் கிடைத்தது.