காற்றுக்கு இரும்புக் குழாய்

செல்லக்கிளி பெயின்ட் அடித்த பீரோக்கள் மதுரையின் தென்பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் நிற்கின்றன. கல்யாணச் சீரோடு போனவை, தவணைக்கு வாங்கியவை, கதவில் மயிலும் தாமரையும் ஒட்டியவை. அவற்றை வாங்கியவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. கடைக்காரர்களுக்குத் தெரியும். அவனியாபுரத்தில் மலைச்சாமி வீட்டுப் பெயின்ட் என்றால் கையால் தடவிப் பார்க்காமலே இறக்கிக்கொள்வார்கள்.

அழகர்கோவில் போகும் வழியில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். மலைச்சாமியைக் கட்டிக்கொண்டு அவனியாபுரம் வந்தபோது அவர் ஒரு பீரோ பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே பட்டறையில் தகட்டுக்குப் பட்டி வைத்து உப்புத்தாள் தேய்க்கும் வேலைக்கு இவளும் சேர்ந்தாள். பெயின்ட் அடிக்கிறவரிடம், கழித்துப்போட்ட ஒரு கதவில் தான் அடித்துப் பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பெயின்ட் பீய்ச்சும் ஸ்பிரே கன்னைக் கொடுத்தார். அதற்குப் பிறகு கழித்துப்போட்ட கதவுகள் எல்லாம் அவளிடம் வந்தன. கொஞ்ச காலத்தில் நல்ல கதவுகளும் வந்தன.

மகள் ஆர்த்திகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு இருவரும் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். அவர் தகட்டை அடித்து ஒட்டுவார், இவள் பெயின்ட் அடிப்பாள். கன்னுக்குக் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர் ஒரு மூலையில், பெயின்ட் அடிக்கும் இடம் எதிர் மூலையில். நடுவில் காற்று போகும் ரப்பர் குழாய் தரையில் கிடந்து காலைத் தடுக்கியது. புதுப் பெயின்ட் மேல் ஒருமுறை அது உரசி ஒரு கதவே வீணானது. மலைச்சாமி கடைக்குப் போய் சாம்பல் நிற பிவிசி குழாய் வாங்கி வந்தார். வீட்டுத் தண்ணீருக்குப் போடுவோமே, அதே குழாய். வாளால் அறுத்து, பசை தடவி ஒட்டி, சுவரோரமாகத் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது. தரை சுத்தமானது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

அப்படிப் பாராட்டியவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் அதையே கேட்டார்கள். ஒருத்தி ஜெயக்கொடி, பெருங்குடிப் பக்கம் வீட்டு முன்னால் வண்டி கழுவி பஞ்சர் ஒட்டுகிறவள். மற்றவர் வில்லாபுரத்து சௌந்தரராஜன். வீட்டிலேயே சோபா செய்கிறவர். மனைவி லலிதாம்பாள் உறை தைப்பார். காற்றில் ஓடும், கம்பி ஊசி அடிக்கிற பின் கன்னால் இவர் அதைச் சட்டத்தில் அடிப்பார். இரண்டு வீட்டிலும் மலைச்சாமிதான் குழாய் போட்டுக் கொடுத்தார்.

பல வருஷம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு சித்திரை மாத நண்பகல். தகரக் கூரை காய்ந்து கிடந்தது. மலைச்சாமி தெருவில் ஒரு பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். செல்லக்கிளி உள்ளே, துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு கதவுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலிருந்த குழாய் வெடித்தது.

தெருவில் இருந்தவர்கள் எங்கோ சாவு வீட்டில் வேட்டுப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். மலைச்சாமிக்கு மட்டும் அந்தச் சத்தம் தன் வீட்டுக்குள்ளிருந்து வந்தது தெரிந்தது. அவர் ஓடி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் சுவிட்சைக் கை காட்டினாள்.

கண் மருத்துவமனையில் உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். கண்ணுக்குள்ளிருந்து எடுத்த துண்டை மருத்துவர் ஒரு சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்திருந்தார். அதைக் காட்டச் சொல்லிக் கேட்டாள் செல்லக்கிளி. ஓர் அரிசி அளவு இருந்தது. ஒரு முனை ஊசிபோல. வெளிச்சம் வந்தால் வந்தது என்று தெரியும், அதற்கு மேல் அந்தக் கண்ணில் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். மலைச்சாமி எழுந்து வெளியே போய்விட்டார்.

வீடு திரும்பியதும் அவர் கொட்டகையைப் பூட்டினார். பழைய பட்டறைக்கே கூலிக்குப் போகத் தொடங்கினார்.  செல்லக்கிளி அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்குமோ என்னவோ. ஆர்த்திகா கல்லூரிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள்.

கட்டுப் பிரித்த பிறகு செல்லக்கிளி கொட்டகையைத் திறந்து பார்த்தாள். சுவரெல்லாம் சாம்பல் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அவள் அடித்துக்கொண்டிருந்த கதவில் பாதிக்குப் புதுப் பூச்சு காய்ந்திருந்தது. அதில் ஒரு துண்டு செருகி நின்றது. ஏன் வெடித்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கம்ப்ரசர் பழுது பார்க்கிற காளைக்குப் போன் போட்டாள்.

காளை வந்து கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்தான். டேங்க், வால்வு எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“மிஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா. குழாதான்.”

“அதுல பத்து கிலோ பிரஷர் தாங்கும்னு அச்சடிச்சிருக்கே?”

“அது தண்ணிக்குப் போட்ட கணக்குக்கா. தண்ணிக் குழா விரிஞ்சா ஒழுகும், பிரஷர் அப்பவே இறங்கிரும். காத்து அப்படி இல்ல. அமுக்கி வச்ச காத்து ஒரு வழி கெடச்சா அம்புட்டும் ஒண்ணா வெளிய வரும். பிளாஸ்டிக் வளைஞ்சு குடுக்காது, ஒடஞ்சு தெறிக்கும்.”

சூடும், கம்ப்ரசரிலிருந்து காற்றோடு வருகிற எண்ணெயும் அந்தக் குழாயை நாள்பட நாள்பட மொறுமொறுப்பாக்கிவிடும் என்றும் சொன்னான். ஓர் ஏணி லேசாக இடித்தால் போதும், இடிக்காமலேயும் வெடிக்கலாம். எந்த நாள் என்று யாரும் சொல்ல முடியாது.

செல்லக்கிளி கதவில் செருகியிருந்த துண்டைப் பிடுங்கி எடுத்தாள். பிறகு கேட்டாள்.

“போன தடவ ஆயில் மாத்த வந்தியே, அப்ப இந்தக் குழாயப் பாத்தியா?”

காளை தலையைக் குனிந்துகொண்டான். பார்த்ததாகச் சொன்னான். போகிற வீட்டில் பாதிக்கு இதுதான் போட்டிருக்கிறார்கள், சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று விட்டுவிட்டதாகச் சொன்னான்.  அவள் அவனைத் திட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஆனால் அவன் போன பிறகு, கண் போனதைவிட அந்த ஒரு சொல்தான் அவளை அரித்தது. பார்த்தேன், சொல்லவில்லை.

அப்போதுதான் ஜெயக்கொடி வீடும் வில்லாபுரத்து வீடும் அவள் நினைவுக்கு வந்தன.

மலைச்சாமியிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

“என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போவேன் கிளி?” என்றார்.

அவர் பயம் அவளுக்குப் புரிந்தது. தான் போட்ட குழாயைத் தானே தப்பு என்று சொல்ல வேண்டும். தன் மனைவியின் கண்ணைச் சாட்சிக்கு வைத்துச் சொல்ல வேண்டும். அவரை வற்புறுத்தாமல் மறுநாள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள். விபத்துக்குப் பிறகு தனியாகத் தெருவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. இடப்பக்கம் வருகிற வண்டி தெரியாது. ஷேர் ஆட்டோவின் படி எவ்வளவு உயரம் என்று பிடிபடாமல் காலால் துழாவி ஏறினாள்.

ஜெயக்கொடி வீட்டில் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றியதும் அவள் எழுந்து போய் கம்ப்ரசர் வயரைப் பிடுங்கிப் போட்டாள். பழையபடி ரப்பர் குழாயே போதும், காலில் தடுக்கினால் தடுக்கட்டும் என்றாள்.

வில்லாபுரத்தில் அப்படி இல்லை. சௌந்தரராஜன் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலி போட்டார், கண்ணைப் பற்றிக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். ஆனால் குழாயைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஒவ்வொன்றாக மறுத்தார். அவர் வீட்டில் குழாய் நிழலில் இருக்கிறது. பின் கன்னுக்கு அவர் வைக்கிற காற்று குறைவு. இத்தனை வருஷத்தில் ஓர் இடத்திலும் கசிந்ததில்லை.

“ஒங்க வீட்ல ஒட்டுன எடத்துல ஏதோ கோளாறு இருந்திருக்கும்மா,” என்றார் தயக்கத்தோடு.

“ஒட்டுன எடமெல்லாம் அப்படியே இருக்குண்ணே. நடுக்குழாதான் போச்சு.”

அவர் உள்ளே தையல் மிஷினில் இருந்த மனைவியிடம் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். லலிதாம்பாள் மிஷினை நிறுத்தவில்லை. செல்லக்கிளி அந்தப் பக்கம் பார்த்தாள். குழாய் சுவரோரமாக வந்து, லலிதாம்பாளின் தலைக்கு நேர் மேலே வளைந்து, பட்டறை மேசைக்குப் போயிருந்தது. மலைச்சாமியின் கைவேலை. கிளாம்பு எல்லாம் ஒரே இடைவெளியில், நூல் பிடித்தாற்போல்.

“அண்ணே, நீங்க சொல்ற மாதிரி இது வெடிக்காமயே கெடக்கலாம். எனக்குத் தெரியாது,” என்றாள். “ஆனா அதுக்குக் கீழ உக்காந்திருக்கது நீங்க இல்ல. அக்காதான்.”

தையல் மிஷின் நின்றது. லலிதாம்பாள் வந்து செல்லக்கிளியின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டார். அவள் தானாகவே கழற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லலிதாம்பாள் உள்ளே போய், மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். மறுபக்கத்தை யாராவது தூக்க வேண்டும். சௌந்தரராஜன் முகத்தில் கோபம் வந்து போனது. பிறகு அவர் போய்த் தூக்கினார். இருவரும் அதை வாசல் அறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். குழாய் மாறுகிற வரை தான் அந்த அறைக்குள் வேலை செய்யப்போவதில்லை என்று லலிதாம்பாள் தமிழிலேயே சொன்னார், செல்லக்கிளிக்கும் கேட்கட்டும் என்று.

அந்த வாரக் கடைசியில் சௌந்தரராஜன் போன் செய்தார். குழாயைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும், மலைச்சாமிதான் வர வேண்டும், மற்றவரை நம்பி விட முடியாது என்றார். செல்லக்கிளி போனைக் கணவரிடம் கொடுக்காமல் விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் மறுபடியும் முகத்தைப் பற்றித் தொடங்கினார்.

“நான் இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ட்டு வந்தேன்ல,” என்றாள்.

அவர் அன்று மாலையே சென்றார். அவளும் கூடப் போனாள்.

குழாய் முழுசாகக் கழன்று வந்தது. ஒரு விரிசல் இல்லை. சௌந்தரராஜன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வெடிச்சிருக்காதுன்னுதான் எனக்கு இப்பவும் தோணுது மலைச்சாமி.”

“எனக்கும் அப்படித்தான்ணே தோணுச்சு,” என்றார் மலைச்சாமி.

 மலைச்சாமி அந்தக் குழாயை வாங்கி, யாரும் எடுத்துப்போய் மாட்டாதபடி சின்னச் சின்னதாக அறுத்துப் போட்டார்.

தன் கொட்டகைக்கு எதைப் போடுவது என்பதை செல்லக்கிளிதான் முடிவு செய்தாள். ஹார்டுவேர் கடையில் வெந்நீர்க் குழாய் போடுங்கள், அது இன்னும் கெட்டி என்றார்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், தண்ணீருக்குத்தான், காற்றுக்கு இல்லை என்று காளை போனிலேயே தடுத்தான். செம்புக் குழாய் நல்லது. ஆனால் செம்பைப் பற்ற வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். காற்றுக்கென்றே வருகிற அலுமினியக் குழாயைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும். மிச்சம் இருந்தது ஜிஐ குழாய், நாகம் பூசிய இரும்பு. அது விரிந்தாலும் கிழிந்து சீறுமே தவிரத் தெறிக்காது. ஆனால் உள்ளே துருப்பிடிக்கும். ஒரு பொட்டுத் துரு கன் வழியாக வந்தால் கதவு போச்சு.

அவள் இரண்டு நாள் யோசித்து ஜிஐ என்றாள். துருவுக்கு வேறு வழி பார்த்தாள். குழாயைக் கம்ப்ரசரிலிருந்து லேசாகச் சரிவாக ஓட்டி, கடைசித் தாழ்வில் ஒரு வால்வு. காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர் அங்கே சேரும், மாலையில் திறந்துவிடலாம். கன்னுக்குப் போகிற கிளையைக் குழாயின் அடியில் எடுக்காமல் மேலே எடுத்து வளைத்து இறக்கினால் தண்ணீர் அதில் விழாது. கன்னுக்கு முன்னால் ஒரு ஃபில்டர். கம்ப்ரசர் அதிர்வதால் அதற்கும் இரும்புக்கும் நடுவே ஒரு முழம் கனமான ரப்பர் குழாய், பக்கத்திலேயே மொத்தமாக அடைக்க ஒரு வால்வு. காளை வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தான். கூலி வாங்க மறுத்தான், அவள் விடவில்லை.

மலைச்சாமி மரை போட்டு, கசியாமலிருக்கச் சணல் நார் சுற்றி, ஒவ்வொரு இணைப்பாக முறுக்கினார். காற்று விடுகிற அன்று எல்லோரையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் உள்ளே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நிறுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஓர் எல்போ வளைவில் வந்தது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு முறுக்கி, மறுபடி ஏற்றினார். அவர் கூப்பிடும் வரை செல்லக்கிளி வெளியே நின்றாள். அவருடைய முறை அது என்று விட்டுவிட்டாள்.

முதலில் அடித்த கதவில் பெயின்ட் வழிந்துபோனது. ஒற்றைக் கண்ணுக்குத் தகடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியவில்லை. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தாள், அதுவும் வழிந்தது. மூன்று கதவுகளை வீணாக்கிய பிறகு, ஒவ்வொரு வீச்சுக்கு முன்னும் இடது கையைச் சாணாக விரித்துக் கன்னுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து அளந்துகொள்ளப் பழகினாள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. ஓரங்களில் முன்பிருந்த சீர் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. கண்ணுக்கு உறுதியான கண்ணாடி மாட்டாமல் மலைச்சாமி அவளைக் கன் எடுக்க விடுவதில்லை. அவரும் கூலிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த நாளைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

காளை இப்போது போகிற வீடுகளில் எல்லாம் சொல்கிறான். அவளும் சொல்கிறாள். ஷேர் ஆட்டோவில் போகும்போது எந்தப் பட்டறைச் சுவரிலாவது கம்ப்ரசரோடு சேர்த்துச் சாம்பல் குழாய் தெரிந்தால் இறங்கிவிடுகிறாள். பெரும்பாலோர் தலையாட்டி அனுப்பிவிடுகிறார்கள். சிலர் வேலை கெடுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள். போன மாதம் கோரிப்பாளையத்தில் கட்டில்களுக்குப் பாலிஷ் போடுகிற ஒருவர் வேலையை நிறுத்தி முழுக்கக் கேட்டார். இரும்புக் குழாய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரித்தார். கடை பெயரைச் சொல்லி, சரிவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சுவரில் கையால் காட்டிவிட்டு, அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.