நான் சொல்லிக்கொடுத்த ஜேர்மன் வசனம்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் "அனுபவத்தை எழுதித் தாங்கோ அக்கா" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். கெட்டித்தனமாகச் செய்தவற்றை எழுதச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுவல்ல. வருவதையே எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

1. முதல் நாள்

எண்பத்தைந்தாம் ஆண்டு, மாசிக் குளிர். டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணம், பெயர் வேண்டாம். கணவர் படிக்க வந்தவர் என்பதால் அகதிகள் வரத் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்னரே நாங்கள் அங்கே இருந்தோம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்து உரித்தே நான் ஜேர்மன் பிடித்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து எங்கள் இளம் பெடியள் வந்து குவிந்தார்கள். பொலிசுக்கும் பெடியளுக்கும் நடுவில் நின்று பேச ஆளில்லை. யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பாக இருந்தவர் ஹெர் ப்ரோக்மன். பெரிய உடம்பு, மெல்லிய குரல். முதல் நாளே மூன்று விதி சொன்னார். இந்தக் குறிப்பில் அவரையும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேச வைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு காலமும் அதுதானே என் தொழில்.

"வாற ஆள் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் ஒண்டும் கூட்டவேண்டாம். ஒண்டும் குறைக்கவேண்டாம்."

"இதுக்கொரு விதி வேணுமோ?" என்று கேட்டேன். என் வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை.

அன்றைக்கு வந்த வழக்கு ட்ராமில் டிக்கெட் இல்லாமல் போன ஒரு பெடியன். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. இவ்வளவுதானா இந்த வேலை என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன்.

2. சுவரில் இருந்த வரைபடம்

ப்ரோக்மனின் கதிரைக்குப் பின்னால் சுவரில் எங்கள் வட்டாரத்தின் வரைபடம் தொங்கியது. அதில் குண்டூசிகள். சைக்கிள் களவுக்கு நீலம், வீடு உடைப்புக்கு மஞ்சள், அடிதடிக்குச் சிவப்பு. முறைப்பாடு ஒன்று பதிவானால் ஒரு ஊசி ஏறும். முறைப்பாட்டை அவர்கள் அன்ட்சைகெ என்பார்கள். எந்தத் தெருவுக்கு ரோந்து கூடுதலாக அனுப்புவது, எங்கே விளக்குப் போடச் சொல்வது என்பதெல்லாம் அந்த ஊசிகளைப் பார்த்துத்தான் முடிவாகும்.

ஒருநாள் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் பெடியள் இருந்த இடத்தைத் தேடினேன். ரெயில் நிலையத்துக்குப் பின்புறம் பழைய தொழிலாளர் விடுதி ஒன்று அகதி முகாமாகியிருந்தது. ஹைம் என்று சொல்வோம். அங்கிருந்து கடைக்குப் போவதென்றாலும், அரசாங்கக் கந்தோருக்குப் போவதென்றாலும் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதையைக் கடக்கவேண்டும். அந்தச் சுரங்கப்பாதையில் ஒரு சிவப்பு ஊசியும் இல்லை.

நான் பார்ப்பதை ப்ரோக்மன் கண்டுவிட்டார். "உங்கட ஆக்கள் இருக்கிற பக்கம் நல்ல அமைதி. இந்த வட்டாரத்திலேயே பயமில்லாத இடம் அதுதான்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

ஹைமில் ஒருவரும் தனியே வெளிக்கிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று பேராவது சேர்ந்து போவார்கள். பந்து விளையாட்டு நடக்கும் சனிக்கிழமைகளில் சாப்பிடப் பாண் முடிந்தாலும் உள்ளேயே இருப்பார்கள். தலையை மழித்து, பெரிய சப்பாத்துப் போட்ட ஒரு கூட்டம் அந்தச் சுரங்கப்பாதையில் நிற்கும். மொட்டையள் என்று பெடியள் சொல்வார்கள். துப்புவார்கள், தள்ளுவார்கள், சில நாளில் அடிப்பார்கள். அடி வாங்கியவன் வந்து முகத்தைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வான். பொலிசுக்குப் போவதென்ற எண்ணமே ஒருவருக்கும் வராது. ஊரில் பொலிஸ் நிலையத்துக்குள் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை அவர்கள் கண்டவர்கள்.

இதையெல்லாம் ப்ரோக்மனிடம் சொல்லியிருக்கலாம். கூட்டவேண்டாம் என்றாரே என்று வாயை மூடிக்கொண்டேன். நீளமான வாய் தேவைப்பட்ட நேரத்தில் மூடியிருந்தது.

3. குகதாசன்

அந்த வருடம் சித்திரையில் குகதாசன் என்ற பெடியன் பட்டப்பகலில் சுரங்கப்பாதையில் அடி வாங்கினான். உதடு கிழிந்து, விலா எலும்பு வெடித்திருந்தது. வழியால் போன ஒரு கிழவி ஆம்புலன்சுக்கும் பொலிசுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள்.

ப்ரோக்மன் டொக்டரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் குகதாசன் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, வாற வியாழக்கிழமை எனக்கு விசாரணை டெர்மீன் இருக்கு. இப்ப பொலிஸில பேர் பதிஞ்சால் அன்ட்ராக்குக்கு என்ன நடக்கும்?"

டெர்மீன் என்பது குறித்துக் கொடுத்த நேரம், அன்ட்ராக் என்பது அகதி விண்ணப்பம். அவனுடைய உயிர் அந்தத் தாளில்தான் இருந்தது. அது நிராகரிக்கப்பட்டால் கொழும்புக்கு விமானம், அங்கிருந்து எங்கே என்று சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். பத்தடி தள்ளி ப்ரோக்மன் நிற்கிறார், போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் பேசுவதை நானும் கேட்டு வளர்ந்தவள்தானே. பொலிஸ் புத்தகத்தில் பெயர் ஏறினால், அடித்தவனாக ஏறினாலும் அடி வாங்கியவனாக ஏறினாலும் கரி கரிதான் என்று நானும் நம்பினேன்.

"ஒண்டும் யோசியாதையும் தம்பி. படியில சறுக்கி விழுந்திட்டன் எண்டு சொல்லும்" என்றேன். அதோடு விட்டேனா? நானே சொல்லிவிட்டால் சந்தேகம் வரும், அவன் வாயாலேயே ஜேர்மனில் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்து வசனத்தையும் பழக்கினேன். "இஷ் பின் கெஃபாலன்." நான் விழுந்துவிட்டேன். இரத்தம் ஊறிய உதட்டால் மூன்று தரம் சொல்லிப் பார்த்தான்.

ப்ரோக்மன் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். குகதாசன் வசனத்தைச் சொன்னான். ப்ரோக்மன் அவனுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "படியிலயோ?" என்றார். "ஓம், படியில" என்று நான் மொழிபெயர்த்தேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை விசாரணை ஒரு பிரச்சினையும் இல்லாமல் முடிந்தது. அது முடிந்ததற்கும் நான் சொன்ன பொய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஹைமில் நான் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது.

4. ஒரு விளக்குக்காக

அடுத்த வருடம் ஹைமுக்கு இரண்டு குடும்பங்கள் வந்தன. அதில் மங்கை என்ற ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைச் சுரங்கப்பாதையால் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறவ. அங்கே இருந்த விளக்குகளை யாரோ உடைத்திருந்தார்கள். விளக்குப் போடச் சொல்லி நான் கடிதம் எழுதி, மங்கையோடு நகரசபைக் கந்தோருக்குப் போனேன்.

அங்கிருந்த மனுசி பொலிசுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டா. வைத்துவிட்டுச் சொன்னா: "அந்தச் சுரங்கப்பாதையில இதுவரைக்கும் ஒரு சம்பவமும் பதிவில்லை. பிரச்சினை உள்ள இடங்களுக்குத்தான் முதல் விளக்கு. உங்கட பக்கம் நல்ல பாதுகாப்பான பக்கம்தானே."

நான் மங்கைக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எங்கட பெடியள் வாங்கின அடியெல்லாம் எங்கை போனது?" என்று மங்கை கேட்டா.

அந்தக் கேள்வியை நான் ஜேர்மனுக்கு மாற்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவ பேசிக்கொண்டே வந்தா, நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற வேண்டிய ஒரு சிவப்பு ஊசியை யார் தடுத்தது என்பது எனக்குத் தெரியும். ஒன்றுதான் என்று அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. யோகன்

கார்த்திகை மாதம். பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். யோகன் என்பவன் தாய்க்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். கூட வரவேண்டிய இரண்டு பேருக்கும் காய்ச்சல், தனியே போயிருக்கிறான். சுரங்கப்பாதையில் போத்தலால் முகத்தில் அடித்தார்கள். இடது கண்.

இவன் யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்துகிற கடையில் வேலை செய்தவன். வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் இங்கேயும் அதுதான் செய்வேன் என்று சொல்லிக்கொண்டு திரிவான். ஹைமில் எல்லாருடைய மணிக்கூடும் அவன் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும்.

நானும் ப்ரோக்மனும் போனபோது பாதி முகத்துக்குக் கட்டுப் போட்டிருந்தது. ப்ரோக்மன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில் கேட்க வாயைத் திறக்கவில்லை, அதற்குள் யோகன் சொன்னான்:

"இஷ் பின் கெஃபாலன்."

சுத்தமான உச்சரிப்பு. நான் அந்த வசனத்தை எப்படி இழுத்துச் சொல்வேனோ அதே இழுவை.

ப்ரோக்மன் பேனையை மூடினார். "இந்த ஹைமில இருந்து இதே வசனத்தை எனக்குச் சொல்லுற நாலாவது ஆள் இவர்" என்றார். "நடுவில வந்த ரெண்டு பேரும் உங்களைக் கூப்பிடவே விடேல்லை. தாங்களே சொல்லிப்போட்டுப் போட்டினம்."

"ஆர் தம்பி உமக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஹைமில எல்லாருக்கும் தெரியும் அக்கா. வந்த முதல் கிழமையே பழக்கிப்போடுவினம். நீங்கள் குகன் அண்ணைக்குச் சொல்லிக் குடுத்ததுதானே."

எத்தனையோ பேருக்கு இந்த நாட்டில் தெரிந்த முதல் வசனம் அதுதான். வணக்கம் சொல்லத் தெரியுமுன், தண்ணீர் கேட்கத் தெரியுமுன், விழுந்துவிட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தது.

நான் ப்ரோக்மனிடம் திரும்பினேன். "இவர் விழேல்லை. குகதாசனும் விழேல்லை. அவையள் ஒருத்தரும் விழேல்லை."

"இது அவர் சொல்லுறாரோ, நீங்கள் சொல்லுறீங்களோ?"

"நான் சொல்லுறன். பொய் சொல்லச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

"இப்பிடிச் சொன்னால் இனி உங்களை நான் வேலைக்குக் கூப்பிட ஏலாது. விளங்குதோ?"

விளங்கியது. பிறகுதான் ஒன்றரை வருடத்துக்கு முன்னர் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். அடி வாங்கினவன் முறைப்பாடு கொடுத்தால் அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு ஏதாவது நடக்குமா?

ப்ரோக்மன் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது வேற கந்தோர். இதுக்கும் அதுக்கும் என்ன? ஒண்டும் நடக்காது." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றார்.

அதை யோகனுக்குத் தமிழில் சொன்னேன். என் வேலையில் அவ்வளவு கஷ்டப்பட்டு மொழிபெயர்த்த வசனம் வேறு இல்லை. அவன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவாயில்லை அக்கா. மணிக்கூட்டுக்கு ஒரு கண் காணும்" என்றான். "பூதக்கண்ணாடியை ஒரு கண்ணிலதானே வைக்கிறது."

நான் வெளியே போய் அழுதேன்.

6. பிறகு

யோகன் முறைப்பாடு கொடுத்தான். என் இடத்தில் டோர்ட்மண்டிலிருந்து வேறொருவரைக் கூப்பிட்டார்கள். நான் ஹைமின் சமையல் குசினியில் போய் இருந்து, பொலிஸ் வேறு, அன்ட்ராக் வேறு என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சிலர் போய்ச் சொன்னார்கள். குகதாசன் போகவில்லை. முதல் சொன்னது பொய் என்று இப்போது எப்படி எழுதிக் கொடுப்பது என்றான். நியாயமான பயம், அதை உண்டாக்கியதும் நான்தான். "நான் விழுந்ததாவே இருக்கட்டும் அக்கா" என்றான்.

வரைபடத்தில் சிவப்பு ஊசிகள் ஏறின. அடுத்த பங்குனியில் சுரங்கப்பாதைக்கு விளக்கு வந்தது. மங்கை நிம்மதியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போனா. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில், அகதிகள் இருக்கும் பக்கத்தில் குற்றங்கள் கூடிவிட்டன என்று செய்தி வந்தது. அடித்தவர் யார், அடி வாங்கியவர் யார் என்று ஒரு வரி இல்லை. அக்கம்பக்கத்தவர்கள் ஹைமை வேறெங்காவது மாற்றச் சொல்லிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். மொட்டையளில் ஒருவனையும் பிடிக்கவில்லை. யோகனின் கண்ணும் திரும்பவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வேறு ஆள் கிடைக்காமல் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன். பிள்ளைகளே, நான் படித்தது ஒன்றுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். எங்கள் ஆட்கள் மேல் உள்ள இரக்கத்தில் பதிலை நீங்களே உண்டாக்கிக் கொடுக்காதீர்கள். அந்த ஆஸ்பத்திரியில் நான் நடக்காமல் விட்டது பத்தடி.

யோகன் இப்போது மணிக்கூட்டுக் கடை வைத்திருக்கிறான். கொண்டாட்டங்களில் கண்டால் நான் எப்போதும் அவனுடைய வலப்பக்கமாகத்தான் போவேன். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் மறந்துபோய் இடப்பக்கமாகப் போய்த் தோளைத் தொட்டுவிட்டேன். தலை நரைத்த அந்த மனிதன் கதிரையோடு சரிந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பக்கத்திலிருந்தவர்கள் ஓடிவந்து என்ன என்று கேட்டார்கள்.

"ஒண்டுமில்லை, கதிரை சறுக்கினது" என்றான் அவர்களுக்கு.

நான் அவனுடைய வலப்பக்கம் வந்து இருந்தேன். எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்து, "கதிரை சறுக்கேல்லை, யோகன்" என்றேன்.