பிரேக்கை மிதித்தவன்

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லாரிக்கு அடியில் படுத்திருந்தது நான். கேட்டது என் காது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அன்று தூக்கக் கலக்கமும் இல்லை.

அப்போது நான் ஒரு லாரி ஷெட்டில் ராத்திரி ஷிப்ட் மெக்கானிக். என் அக்கா புருஷன் அங்கேயே ஓட்டுநர். அவர் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் ஷெட்டில் அவருக்கு வைத்த பெயர் சைலன்சர்.

அன்று பகலில் அவருடைய லாரி தகுதிச் சோதனையில் தோற்றுவிட்டது. பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையாம். கோளாறு எங்கே என்று சோதித்தவர்கள் சொல்லவில்லை. அதைத் தேடுவது எங்கள் பாடு. வெளியே தெரிகிற கோளாறு என்றால் பழி ஓட்டுநர் மேல். உள்ளே ஒளிந்திருந்தால் ஷெட் மேல். எங்கள் தொழிலில் கணக்கு அவ்வளவுதான்.

முதலாளி சாயங்காலமே வந்து மாமா முன்னால் நின்றார்.

"தெனம் வண்டிய எடுக்கிறவன் நீ. உனக்குத் தெரியாம எப்படிப் போகும்?"

"ஒரு பக்கமா இழுக்குதுன்னு நான் சொல்லிட்டேதான் இருக்கேன் மொதலாளி!"

"யார்கிட்ட சொன்ன, செவுத்துகிட்டயா? நாளைக்குக் காலைல மறுபடி சோதனை. அதுலயும் விழுந்தா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

அக்காவுக்கு அது ஏழாவது மாதம்.

காற்றில் இயங்கும் பிரேக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். இன்னொருவர் அடியில் படுத்துக் கசிவு கேட்கிறதா என்று பார்ப்பார். எஞ்சினை ஓட்டித் தொட்டியில் காற்றை நிரப்பிவிட்டு அணைத்தேன். அந்த நிசப்தத்தில்தான் சின்னக் கசிவும் கேட்கும்.

"ஏறுங்க மாமா. மிதின்னா மிதிங்க, விடுன்னா விடுங்க."

"வீட்ல உங்க அக்காவும் இதையேதான் சொல்றா மாப்ள."

டார்ச்சும் சோப்புத் தண்ணீருமாக உள்ளே ஊர்ந்தேன். முன்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சீட்டின் ஸ்பிரிங் முனகியது. மணி ஒன்றரை.

"மிதி."

டக். பிரேக் தண்டு வெளியே வந்தது.

"விடு."

புஸ்ஸ்ஸ்...

எல்லாம் சரி. ஒன்றுதான் இடித்தது. ஒவ்வொரு முறையும் "ஓகே மாப்ள" என்று தகரக் கூரை அதிர ஒரு குரல் வரும். வரவில்லை. முதலாளி பேசியது உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"மிதி."

டக்.

"விடு."

புஸ்ஸ்ஸ்...

அடுத்த முறை நான் வாயைத் திறக்கவே இல்லை.

டக்.

"அவசரப்படாதீங்க மாமா."

டக்... புஸ். டக்... புஸ். டக், டக், டக்.

சரிவில் பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டுகிறவன் இப்படித்தான் மிதிப்பான். விளையாட்டுக்கு அப்படி மிதிக்க வராது.

பிறகு ஒரே மிதி. அழுத்தமாக. அப்படியே நின்றது.

ஸ்ஸ்ஸ்...

அச்சுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத பக்கத்தில், ரப்பர் குழாயில் சோப்பு நுரை பொங்கியது. முடி அளவு கீறல். அழுத்திப் பிடித்தால் மட்டுமே வாய் திறக்கிற கீறல்.

"கெடச்சிருச்சு மாமா! விடுங்க!"

விடவில்லை.

"மாமா... விடுங்க!"

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

"ஏன்டா கத்துற மாப்ள?"

குரல் கேட் பக்கமிருந்து வந்தது. சக்கரத்தின் ஓரமாகப் பார்த்தேன். வெளியிலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தன.

"நீங்க... மேல இல்லையா?"

"உங்க அக்கா போன் பண்ணா. வெளிய நின்னு பேசிட்டு வர்றேன். நான் இன்னும் ஏறவே இல்லயே."

சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

அவர் காதிலும் விழுந்தது.

கதவைத் திறந்தோம்.

யாரும் இல்லை.

காற்றளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. பிரேக் பெடல் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

பார்த்துக்கொண்டே நின்றோம்.

அது...

மெல்ல...

மேலே வந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றார் சைலன்சர். அவர் கிசுகிசுத்து நான் கேட்டது அன்றுதான்.

விடிவதற்குள் குழாயை மாற்றினேன். லாரி சோதனையில் தேறியது. முதலாளி பழைய குழாயை விரலால் வளைத்துப் பார்த்தார். "இது நின்னு பாக்குறவன் கண்ணுக்குத் தெரியாது. உன் மேல தப்பில்ல, போ" என்று சைலன்சரிடம் சாவியைக் கொடுத்தார். அந்த மாதமே நான் ராத்திரி வேலையை விட்டேன்.

கணக்கு முடிக்கப் போன அன்று, பழைய இரும்பு எடுக்க வந்த கிழவர் அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முன்பக்க கேபின், சீட்டு பெடலோட, நான் வித்தது தம்பி. மலை எறக்கத்துல உருண்ட வண்டியில இருந்து கழட்டுனது. உன் மொதலாளி வாங்கி இதுல மாட்டிட்டாரு."

"ஓட்டுனவரு?"

"அங்கயே முடிஞ்சான். ரோட்டுல டயர் தேஞ்ச தடமே இல்ல. பிரேக்கே போடல, தூங்கிட்டான்னு அவன் தலையிலயே கட்டிட்டாங்க. பொண்டாட்டிக்குச் சல்லிக்காசு வரல."

"நெஜமாவே தூங்கிட்டாரா?"

கிழவர் பீடியைக் கீழே போட்டுத் தேய்த்தார்.

"அவன் காலை எடுத்ததே நான்தான். பெடலோட சேந்து இருந்துச்சு. பெடல் தரை வரைக்கும் வளைஞ்சு கெடந்துச்சு."

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல," என்றார். "நிமித்தி வித்துட்டேன்."