சுற்றிவிட்ட கருங்கோழி

மார்கரெட்டுக்குக் குளிர் ஆகாது. அதனால்தான் அவள் கோழி வளர்க்கிறாள் என்பான் அவள் கணவன் பிராங்க்ளின். தனக்குக் குளிர்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறவள், கோழிக்குக் குளிர்கிறது என்று மார்கழி முழுக்கப் புலம்பலாம் அல்லவா. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இப்படி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய வரிசையில் அவர்களுடையது கடைசி வீடு. பனிக்காலத்தில் விடிந்து வெகுநேரம் ஆனாலும் வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கோழிகளின் வீடு, உடைந்துபோன ஒரு பைபர் படகின் முன்பாதி. கவிழ்த்துப் போட்டு, வாசலுக்குப் பழைய இறால் வலை கட்டியிருந்தாள். காற்று வரும் பக்கம் கோணிப்பை, தரையில் அடுப்புச் சாம்பல், உள்ளே ஒரு குண்டு பல்பு. மிளகும் பூண்டும் மஞ்சளும் தட்டிச் சோற்றில் உருட்டிக் கொடுப்பாள். சோறு, எளாவூர் ரோட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் மிஞ்சியது. முட்டை நின்றுபோகிற அந்த மாதங்களில்தான் அவள் கோழிகளை அதிகம் கவனித்தாள். முட்டையிடுகிற மாதங்களில் திட்டுவதோடு சரி. இப்படி மூன்று பனிக்காலம் ஒரு கோழியையும் சாகவிடாமல் கடத்தியிருந்தாள். அக்கம்பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. மார்கரெட் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் நோய் நீண்டால், ஒரு கருங்கோழியை நோயாளியின் தலையைச் சுற்றி, காலில் சிவப்பு நூல் கட்டி, ஏரிக்குப் போகும் வழி பிரிகிற இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். நோய் கோழியோடு போய்விடும். கோழி எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் நரிக்குப் போகும். அந்தக் கோழியை யாரும் கூப்பிடக் கூடாது, அதற்குத் தீனி போடக் கூடாது.

இதெல்லாம் மார்கரெட்டுக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் இதையெல்லாம் நம்பக் கூடாது என்பதும் தெரியும். இந்த மார்கழியில் ஒருநாள் காலை, கம்பெனி வேனுக்காக அந்த முச்சந்தியில் நின்றபோது, பனிக்குள்ளிருந்து ஒரு கருங்கோழி நடந்து வந்து அவள் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தது. இறகெல்லாம் நனைந்து நடுங்கியது. சிவப்பு நூல் காலை இறுக்கி வீங்கவைத்திருந்தது. அவள் குனிந்து நூலை அவிழ்த்தாள். டிபன் டப்பாவைத் திறந்து ஒரு பிடி சோறு போட்டாள். வேனை விட்டுவிட்டுக் கோழியை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

“இத்த இன்னாத்துக்குமே தூக்கினு வந்த?” என்றான் பிராங்க்ளின்.

“குளுருது அதுக்கு.”

அவளுடைய கோழிகளுக்கு அந்தப் பரிவு இல்லை. புதியது படகுக்குள் நுழைந்ததும் எல்லாம் ஒன்றாக வெளியேறி, கொட்டுகிற பனியில் முருங்கை மரத்தில் போய் ஏறிக்கொண்டன. புதிதாக வந்த கோழியைக் கொத்தித் துரத்துவதுதான் கோழிகளின் வழக்கம். இடத்தைக் கொடுத்துவிட்டு ஓடியதை அவள் பார்த்ததே இல்லை. கடைசியில் கருங்கோழியை அடுப்பங்கரையின் வெளிச்சுவரோரம் ஒரு கூடையால் மூடி, மேலே செங்கல் வைத்தாள்.

மறுநாளே அதற்கு இழுப்பு வந்தது. சன்னமான நீண்ட இழுப்பு, பிறகு இரண்டு குட்டி இருமல், கடைசியில் தொண்டையைச் செருமுவது. பனிக்காலத்துக் கோழிக்கு இழுப்பு வருவது புதிதல்ல. ஆனால் எந்தக் கோழியும் செருமாது. இந்த வரிசையில் அப்படிச் செருமுகிறவன் ஒருவன்தான்: அடுத்த வீட்டு அர்ஜுனன். கழுத்தளவு ஏரித் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவன். ஐப்பசியிலிருந்து நெஞ்சுச் சளியோடு பாயில் கிடந்தான். சுவரைத் தாண்டி இந்த வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இரண்டொரு நாளாக அங்கிருந்து வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் மனைவி பூவிழி வேலியோரம் வந்து நின்றாள். கூடையையே பார்த்தாள்.

“அது எங்க வூட்டுக் கோழிக்கா. அவருக்குச் சுத்தி வுட்டது.”

“அப்ப நீயே எட்துனு போயிடு.”

“நான் தொடக் கூடாதுக்கா. நீ சோறு போட்டுட்ட. இனிமே அது உன்னாண்டதான் இருக்கணும்.” பிறகு குரலை இறக்கி, “அது இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் இல்லையாம். பூசாரி சொன்னாரு,” என்றாள்.

பாஸ்டரிடம் கேட்டதற்கு, ஜெபம் பண்ணிவிட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார். பிராங்க்ளினும் அதையே சொன்னான்: வெறும் கோழிதானே, இதில் இன்னா இருக்கு, அறுத்துப் போடு, தன் தட்டில் மட்டும் வைக்க வேண்டாம் என்று.

மார்கரெட்டுக்குக் கவலை வேறு. சீக்குக் கோழி ஒன்று வீட்டில் இருந்தால் பனிக்காற்றில் மொத்தமும் போய்விடும். கண்ட அன்றே கழுத்தைத் திருகிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வேறு யார் வீடானாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள், அதட்டியே சொல்லியிருப்பாள். ஆனால் பூவிழி தினமும் காலையில், புருஷன் எழுந்தானா என்று பார்ப்பதற்கு முன்னால், வேலியோரம் வந்து ஒரே கேள்வி கேட்டாள்: “இருக்குதாக்கா?” இருக்கிறது என்றால் முகம் தெளிந்து போவாள். அர்ஜுனன் பாயிலிருந்து எழுந்தான். கஞ்சி குடித்தான். ஒருநாள் சிரித்தான். கூடைக்குள் இழுப்பு கூடிக்கொண்டே போனது.

பொங்கலுக்கு முன் அவளுடைய புள்ளிக்கோழி தும்ம ஆரம்பித்தது. நாளைக்குக் காலையில் முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். அர்ஜுனனுக்கு இனி டாக்டர் மாத்திரை போதும். அவன் தேறியதே அதனால்தான்.

காலையில் செங்கல்லை எடுத்துக் கூடையைத் தூக்கினாள். கோழி விறைத்துக் கிடந்தது. தான் செய்ய நினைத்ததை வேறு யாரோ முந்திக்கொண்டு செய்த மாதிரி அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதே நேரத்தில் பனிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“இருக்குதாக்கா?”

பூவிழிக்குப் பின்னால் அர்ஜுனன் நிழலாகத் தெரிந்தான். இறால் போடும் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். நோயில் விழுந்த பிறகு முதல்முறையாக ஏரிக்குப் போகிறான்.

“இருக்குது,” என்றாள் மார்கரெட். “தூங்குது.”

அவர்கள் போன பிறகு முருங்கைக்குப் பின்னால் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தாள். கூடையைப் பழைய இடத்திலேயே கவிழ்த்து, செங்கல்லையும் வைத்து, பூவிழி கண்ணில் படட்டும் என்று விளிம்பு வழியாக ஒரு பிடி நொய்யையும் தள்ளிவிட்டாள். பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி.

மதியம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கூடைக்குள் நீண்ட இழுப்பு ஒன்று கேட்டது. இரண்டு குட்டி இருமல். செருமல். முற்றத்தில் மேய்ந்த கோழிகள் மொத்தமும் ஏரிப்பக்கம் ஓடின.

மாலையில் விளிம்பில் விரலை விட்டுத் துழாவினாள். நொய் இல்லை. எலி தின்றிருக்கலாம். கீரிப்பிள்ளை கூட நொய் தின்னும் என்று பிராங்க்ளினிடம் சொன்னாள். அவன் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போனான். கூடையைத் தூக்கிப் பார்த்தால் தீர்ந்தது. அவள் தூக்கவில்லை.

தை கழிந்தது. பனி விட்டது. புள்ளிக்கோழியின் தும்மல் தானாக நின்று, எல்லாம் முட்டையிட ஆரம்பித்தன. கோணிப்பைகளை எடுத்து உதறிக் காயவைத்தாள், பல்பைக் கழற்றினாள், கோழிகளை வழக்கம்போலத் திட்ட ஆரம்பித்தாள். நான்காவது பனிக்காலத்தையும் கடத்தியாயிற்று என்று கேன்டீனில் சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. கூடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாங்காய் அள்ளிப்போட பிராங்க்ளின் அதைக் கேட்டபோது வேறு கூடை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அர்ஜுனன் உடம்பு போட்டு, தினமும் ஏரிக்குப் போய்வந்தான்.

பூவிழி இப்போது எதுவும் கேட்பதில்லை. வேலியோரம் வந்து சற்று நேரம் காதுகொடுத்து நிற்பாள். ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள்:

“இன்னிக்கு இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீதுக்கா. தண்ணிய வெதுவெதுன்னு வையி.”

மார்கரெட் சரி என்றாள்.

சித்திரை வெயிலிலும் அவள் விடிந்ததும் தண்ணீர் சுடவைக்கிறாள். செங்கல்லை அசைக்காமல், விளிம்பை லேசாக நெம்பி, கிண்ணத்தை உள்ளே தள்ளுகிறாள். கையைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால், பசித்த கோழி கொத்துவது போல, விரல் நுனியில் ஒரு கொத்து விழும்.