அம்மன் ஒளிக்கு என் அத்தாட்சி

நான் மலேசியாவில், ஈப்போவில் இயற்பியல் ஆசிரியர். பழைய கேமரா ஒன்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு சித்தியவானுக்குப் போனேன். அங்கே ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். நல்ல இருட்டு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மேலே தெரிந்த வானத்தை, ஷட்டரை ஒரு நிமிடம் திறந்துவைத்துப் படமெடுத்தேன். வானமெல்லாம் சிவப்பு அலைகள், வரிவரியாக.

மச்சான்தான் கோயில் கமிட்டித் தலைவர். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார். மறுநாளே அது 'அம்மன் ஒளி' ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பேனர் தொங்கியது. அதில் ஒளியைவிட மச்சான் முகம் பெரிது.

என்னை மேடையேற்றி, "சொல்லுங்க சார்" என்றார்கள். மைக் என்றால் எனக்கும் ஆசைதான். சொன்னேன்: ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் அணு ஒன்று ஓசோனில் மோதி, ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ராக்சில். சேர்ந்த வேகத்தில் அந்த மூலக்கூறு கிடுகிடுவென்று அதிரும். அதிர்வு தணியத் தணிய அகச்சிவப்பு ஒளி வரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

மச்சான் மைக்கைப் பிடுங்கினார். "நம்ம கோயிலுக்கு மேலதானே இருக்கு?"

"எல்லாத்துக்கும் மேலயும் இருக்கு மச்சான். ஈப்போ குப்பமேட்டுக்கு மேலயும் இருக்கு லா."

உடனே மைக் பழுதாகிவிட்டது. பக்திப் பாட்டு மட்டும் அதே ஒலிபெருக்கியில் நன்றாகவே வந்தது.

கீழே இறங்கியபோது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா வழிமறித்தார். "அதிர்ந்து ஆடி முடிச்சதும் அது என்னா ஆவும் தம்பி?"

"ஆக்சிஜன் அணு ஒண்ணு வந்து மோதும்க்கா. ஹைட்ரஜன் பிரிஞ்சு, மறுபடி ஓசோனப் போய்ப் பிடிக்கும்."

"அப்போ ஓய்வே இல்ல. நம்ம ஷிப்டு மாதிரி லா."

என் வகுப்பில் இத்தனை வருடத்தில் யாரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

அடுத்த மாதம் போனபோது பேனர் புதிதாக இருந்தது. 'அம்மன் ஒளி: இயற்பியல் ஆசிரியர் உறுதி செய்தது' என்று எழுதி, பக்கத்தில் என் கல்யாணப் படத்தையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். கிழித்துப் போடத்தான் கிட்டே போனேன். படத்தில் தலை நிறைய முடியோடு, பார்க்க நன்றாகவே இருந்தேன். சும்மா திரும்பி வந்துவிட்டேன்.