நல்ல இடத்து மண்

ஆனந்தபாய் எதைக் கொடுத்தாலும் பொறுக்கி எடுத்துத்தான் கொடுப்பார். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் தோட்டத்தில் விளைந்ததில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவது பல வருடங்களாக என் வேலை. மற்றவர்களின் ஏத்தன் வாழைக்குலையில் ஒரு காயாவது கறுத்திருக்கும். ஆனந்தபாயின் குலையில் ஒரு கீறல் கண்டுபிடித்தால் நான் மீசையை எடுத்துவிடத் தயார். கர்த்தருக்குக் கொடுப்பது குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே படித்துக்கொண்டவர். அதில் தப்பில்லை. பரிசோதனைக்குக் கொடுத்த மண்ணிலும் அதையே செய்ததுதான் தப்பாகப் போயிற்று.

அவருக்கும் கணவர் ராபின்சனுக்கும் குளத்தூர் பஞ்சாயத்தில், என் வீட்டுக்கு அடுத்தாற்போல, இருபத்தைந்து சென்ட் பறம்பு நிலம். அதன் வடக்கு மூலையில் ராபின்சன் பதினெட்டு வருடம் ஆக்கிரிக்கடை நடத்தினார். பழைய இரும்பு, பேப்பர், வயர், பாட்டரி எல்லாம் எடுப்பார். பாட்டரியைக் கோடாலியால் பிளந்து, ஆசிடை மண்ணில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்குவார். வயரைக் கொளுத்திச் செம்பை எடுப்பார். புகை வந்தால் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் எதிர்ப்பு. என் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியும் அங்கேதான் உடைந்தது.

எட்டு வருடத்துக்கு முன் ராபின்சனின் முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே கடையை மூடினார்கள். ஆனந்தபாய் அந்த மூலையைக் கூட்டிப் பெருக்கி, கொத்தி, சிவப்புக் கீரை விதைத்தார். கீரை தளதளவென்று வந்தது. வாரத்தில் இரண்டு நாள் அங்கன்வாடிக்கு ஒரு கட்டு சும்மா கொடுப்பார். அங்கே பதினான்கு குழந்தைகள். டீச்சர் பிந்துஜா அதைத் தேங்காய் போட்டுத் தோரன் வைத்துச் சோற்றோடு கொடுப்பாள். ஆறு வருடம் இது நடந்தது. அதற்காகப் பஞ்சாயத்தில் ஆனந்தபாய்க்குப் பொன்னாடையெல்லாம் போர்த்தினார்கள்.

போன வருடம் விவசாய அலுவலகமான கிருஷிபவனில் புதிதாக வந்த அதிகாரி பிரசீதா ஒரு கூட்டம் போட்டார். ஆக்கிரிக்கடை, ஒர்க்ஷாப் இருந்த இடங்களில் விவசாயம் செய்கிறவர்கள் மண்ணைக் கொண்டுவாருங்கள், அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன் என்றார். முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆனந்தபாய். புதுத் துணிப்பையில், கல் இல்லாமல், வேர் இல்லாமல், சலித்த மண். முடிவு நன்றாக வந்தது. அந்தத் தாளைப் பிந்துஜா அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிவைத்தாள். நாங்களும் போய்ப் பார்த்து மெச்சினோம்.

இவ்வளவு சுத்தமான தோட்டத்தில் ஒரு மாதிரித் தோட்டப் பலகை வைக்கலாம் என்று பிரசீதா நேரில் வந்தார். நானும் வேலி ஓரத்தில் நின்றிருந்தேன்.

"சேச்சி, டெஸ்டுக்குத் தந்த மண்ணு எங்கேருந்து எடுத்தது?"

"கிணத்துப் பக்கம், வாழை மூட்டில இருந்து எடுத்தேன் மேடம். நம்ம பறம்பில உள்ளதிலயே நல்ல மண்ணு அதாக்கும்."

பிரசீதா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆக்கிரிக்கடை இருந்தது எங்கே?"

ஆனந்தபாய் கீரைப் பாத்தியைக் காட்டினார். காட்டிய கையை உடனே இறக்கவில்லை.

"எட்டு வருசத்து மழை எல்லாத்தையும் கழுவிக் கொண்டுபோயிருக்கும் மேடம்" என்றார் ராபின்சன்.

"ஈயம் மழைக்குப் போகாது சேட்டா. மேல்மண்ணிலேயே கிடக்கும். கீரை அதை உறிஞ்சும், இலையில ஒட்டுற தூசியிலயும் இருக்கும். டாக்டர்கிட்ட போனா நோவுற இடத்தையல்லவா காட்டணும், சேச்சி?"

ஆனந்தபாய் மண்வெட்டியை எடுத்துவந்து கீரையைத் தள்ளி அவரே வெட்டினார். இரண்டாவது வெட்டில் ஒரு கறுத்த பாட்டரித் துண்டு வெளியே வந்தது. அன்று பத்து இடத்தில் மண் எடுத்துத் தனித்தனியாகப் பெயர் எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கிணற்றுப் பக்கம் குறை ஒன்றும் இல்லை. வடக்கு மூலையில் அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு ஈயம்.

ராபின்சனுக்குப் பயம். பயத்தில் மனிதன் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவான். "எடி, கீரைக்குப் பூச்சி விழுந்துட்டுன்னு சொல்லி நிறுத்திரு. ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? பிறகு நம்ம வீட்டு முருங்கையிலயைக்கூட ஒருத்தன் வாங்கமாட்டான்."

"பூச்சின்னு சொன்னா, பிள்ளையளுக்கு ரெத்தம் யாரு டெஸ்ட் பண்ணுவா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் ஆனந்தபாய்.

முதலில் அங்கன்வாடி. பிந்துஜா சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். பிறகு பதினான்கு வீடுகள். பஞ்சாயத்து மூலம் சொல்லலாம், வீடு வீடாக ஏறி அவமானப்பட வேண்டாம் என்று பிந்துஜா தடுத்தும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் சாயா கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டார்கள். நாலு வயது ரேஷ்மியின் அம்மா லிஜா வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாமி, தெரிஞ்சா தந்தீங்க?"

"தெரியாது மக்கா. ஆனா அங்க என்ன ஒடச்சோம்னு எனக்குத் தெரியும்லா. நான் யோசிச்சிருக்கணும்."

லிஜா கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்கும் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. ஆறுதல் சொல்கிறேன் என்று, "என் பாட்டரியும் அங்கதான் ஒடஞ்சது ஆனந்தம். உங்க தப்பு மட்டும் இல்ல" என்றேன்.

"அதை லிஜாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

நான் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. அந்த வெட்கத்தை இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு ஈயம் கூடுதல். அதில் ஒருத்தி ரேஷ்மி. மருந்து வேண்டிய அளவு இல்லை, கீரையை நிறுத்தியாயிற்று, பாலும் முட்டையும் பயறும் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். பெரியவர்களில் ஆனந்தபாய்க்கும் கூடுதல். எல்லோரையும்விடக் கூடுதல் ராபின்சனுக்கு. பல வருடமாக அவருக்கு இருந்த வயிற்று வலிக்கும் கை நடுக்கத்துக்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு ராபின்சன் மழையைப் பற்றிப் பேசவில்லை.

மண்ணைச் சரிசெய்கிற வேலையில் அவரே முன்னால் நின்றார். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, முகமூடி கட்டிய ஆட்கள் வடக்கு மூலையில் அரை அடி மேல்மண்ணை வழித்துக் கெட்டிச் சாக்குகளில் கட்டினார்கள். அபாயக் கழிவு எடுக்கிற லாரி வந்து கொண்டுபோயிற்று. அப்படி வர வைக்கப் பிரசீதா எத்தனை கடிதம் எழுதினார் என்பது தனிக் கதை. மீதி மண்ணில் சுண்ணாம்பும் தொழு உரமும் கலந்தார்கள். அப்படிச் செய்தால் ஈயம் போய்விடாது, செடி எளிதில் எடுக்க முடியாதபடி மண்ணிலேயே கட்டுப்படும். மேலே வெளி மண் போட்டுப் புல் வளர்த்தார்கள். இனி அங்கே கீரை வேண்டாம், மரச்சீனிக் கிழங்கும் வேண்டாம், நிற்கிற தென்னை நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார் பிரசீதா. இத்தனையும் செய்ய இரண்டு மாதம் பிடித்தது. பாட்டரியை உடைக்க ஒரு நிமிடம் போதும்.

மூன்றாம் மாதம் ரேஷ்மிக்கு மறு பரிசோதனை முடிவு வரும் நாள் என்று பிந்துஜா சொன்னாள். யாரும் கூப்பிடவில்லை. ஆனந்தபாய் என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். சுகாதார நிலையத்துக்கு உள்ளே போகத் தைரியம் இல்லாமல் வாசல் மரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றார். நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

லிஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கொறஞ்சிருக்கு" என்றாள்.

ஆனந்தபாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அழாதீங்க மாமி. முழுசும் போகல்ல. ஓணம் கழிஞ்சு இன்னொரு டெஸ்ட் உண்டு." கையில் இருந்த முடிவுத் தாளை மடித்தாள். "அன்னைக்கும் வருவீங்களா?"

"வாறேன் மக்கா."

லிஜா ரேஷ்மியை ஆனந்தபாயின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பு வார் மாட்டக் குனிந்தாள்.