வீங்காத கை

“உங்க வீட்ல மொதல்ல படிச்சவங்க நீங்கதானாமே. போட்ட ஊசி என் ஒடம்புல புடிச்சுதா இல்லியான்னு சொல்லுங்க பாப்போம்” என்றார், திண்டிவனத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டு காவலாளி.

அறுபத்தைந்து வயது. காக்கிச் சட்டைக்குள் எலும்பாக இருப்பார். ஃப்ளூ தடுப்பூசி போட்ட நாளிலிருந்து, காலையில் என்னைக் கண்டதும் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவார். சின்ன வயதில் அம்மைக்குக் குத்தியபோது கை வீங்கியதாம். இப்போது வீக்கமே இல்லை.

“வீங்கணும்னு இல்லீங்க.”

“வயசான ஒடம்புல சரியா புடிக்காதுன்னு டாக்டர் பேசிக்கினு இருந்தாரே. வீட்ல பொஞ்சாதிக்கு மூச்சு இழுப்பு. நான் காய்ச்சல எடுத்துக்கினு போனா தாங்குவாளா?”

எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் அவர் கை சிவந்து தடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். நகக் கீறல்கள்.

“அவகிட்ட காட்றதுக்குத்தான். பயந்துக்கினே இருக்கா” என்றார்.

அந்தக் கையை அவர் மனைவி நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று மாலையே பஸ் பிடித்து, மருந்து அனுப்பிய விழுப்புரம் டாக்டரிடம் போனேன். வயதானவருக்கு இன்னொரு ஊசி போட்டால் பலன் கூடுமா என்று கேட்டேன்.

“தெரியாதும்மா. போட்டுட்டு, ரத்தம் எடுத்து அனுப்பு. எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கான்னு பாக்கலாம்” என்றார்.

ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில் இரண்டாவது ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன்.